யாருடைய விரதம், யாருடைய தட்டு

2021 டிசம்பரில், கர்நாடகத்தின் கொப்பள மாவட்டத்துக் கங்காவதியில் ஒரு பள்ளி மாணவி கேமரா முன் நின்று பேசியது மாநிலம் முழுக்கப் பரவியது. பள்ளிகளில் முட்டை கொடுக்கக் கூடாது என்று மடாதிபதிகள் சிலர் அரசை எச்சரித்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: எங்களுக்கு முட்டை வேண்டும், தரவிடாமல் தடுத்தால் உங்கள் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம். துடுக்குப் பேச்சு என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குள் அறம் பேசுகிற எவரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கொடுக்கிறவரின் நோன்பு வாங்குகிறவரின் வயிற்றைக் கட்டுப்படுத்துமா?

அந்த மாதம் முதல் தேதியில்தான் கர்நாடக அரசு பீதர், கலபுரகி, யாதகிரி, ராய்ச்சூர், கொப்பள, பல்லாரி, விஜயபுரா ஆகிய ஏழு மாவட்டங்களில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவோடு அவித்த முட்டை கொடுக்கத் தொடங்கியிருந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இந்த மாவட்டங்களை முதலில் எடுத்துக்கொண்டதற்கான காரணம் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 35.4 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் இது 25 சதவீதம். யாதகிரி மாவட்டத்தில் மட்டும் பாதிக்கும் மேல். துவரைக்குப் பேர்போன கலபுரகிக்கு அடுத்த மாவட்டம் அது. பருப்பு விளைகிற வட்டாரத்தில் பிள்ளைகள் வளராமல் நிற்கிறார்கள்.

லிங்காயத மடங்கள் சிலவும் சமண அமைப்புகளும் எதிர்த்தன. கல்விக்கூடம் கோயிலுக்குச் சமம், அங்கே முட்டை நுழையக் கூடாது என்பது ஒரு வாதம். ஒரே பந்தியில் சிலருக்கு முட்டையும் சிலருக்குப் பழமும் கொடுத்தால் பிள்ளைகள் மனதில் பிரிவினை வரும் என்பது இன்னொன்று. பால், பருப்பு, முளைகட்டிய பயறு இருக்கும்போது முட்டை எதற்கு என்பது மூன்றாவது.

இந்த எதிர்ப்பை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது, நியாயமில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் கர்நாடக மடங்களுக்கு அரசைவிட நீண்ட வரலாறு உண்டு. துமகூரின் சித்தகங்கா மடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் மாணவர்கள் சாதி மத வேறுபாடின்றித் தங்கிப் படிக்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் இலவசம். 2019 ஜனவரியில் 111 வயதில் மறைந்த சிவகுமார சுவாமிகள் பல பத்தாண்டுகளாக அந்த அடுப்பை அணையவிடாமல் காத்தவர். அந்த மடத்துச் சமையற்கட்டில் முட்டை இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே போய்ச் சேருகிறவர்கள் அந்த இடத்தின் ஒழுக்கத்தை அறிந்தே சேருகிறார்கள்.

கொல்லாமை வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடுதான் எடைபோட வேண்டும். நாமக்கல்லிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பள்ளிகளுக்குப் போகும் முட்டை கருவுறாதது. பண்ணையில் சேவலே கிடையாது. அந்த முட்டையிலிருந்து குஞ்சு வராது, ஆகவே அதில் கொலை இல்லை என்பது வழக்கமான பதில். காந்தியே 1942-இல் ஆகா கான் மாளிகைச் சிறையிலிருந்து உடல்நலம் பற்றி எழுதிய சிறு நூலில், பால் குடிக்கிறவர் கருவுறாத முட்டையை மறுக்கக் காரணமில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். ஆனால் சமணர்கள் கேட்பது இதற்கும் அப்பால் போகிறது. முட்டையிடும் கோழி எங்கிருந்து வந்தது? பொரிப்பகத்தில் சேவல் குஞ்சு எனத் தெரிந்தவுடன் முதல் நாளிலேயே அதைக் கொன்றுவிடுகிறார்கள். முட்டைத் தொழிலில் அதற்கு வேலை இல்லை. மிஞ்சும் பெட்டைகள் ஆளுக்கு ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாத கம்பிக் கூண்டுகளில் வாழ்நாளைக் கழிக்கின்றன. இந்தியச் சட்ட ஆணையமே 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் இந்தக் கூண்டுகளைப் பற்றிப் பேசி, கோழிகளின் இருப்பிடத்துக்கு விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முட்டைக்காக வாதாடுகிறவர்கள் இதைக் கண்டும் காணாததுபோல் போவது சரியில்லை. அங்கே இம்சை இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்திலும் ஓர் உயிர் இருக்கிறது. வளர வேண்டிய வயதில் வளராமல் நிற்கும் பிள்ளையின் உடல் அது. முதல் சில ஆண்டுகளில் இழந்த உயரத்தைப் பிற்பாடு முழுதாக மீட்பது மிகக் கடினம். இரும்பும் புரதமும் குறைந்த பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் நிற்காது. சாதாரணக் காய்ச்சலும் அவளை நாள்கணக்கில் படுக்கவைக்கும். கொல்லாமையைக் கணக்கிடும்போது கோழியை ஓர் உயிராக எண்ணுகிறவர்கள், இந்தப் பிள்ளையின் உடலையும் அதே பேரேட்டில் எழுதத்தானே வேண்டும்? மெல்ல மெல்ல நடப்பதால் பட்டினிக்கு இம்சை என்ற பெயர் கிடைப்பதில்லை. யாரும் கத்தியை எடுப்பதில்லை, ரத்தம் தெரிவதில்லை.

காந்தியின் வாழ்க்கையிலேயே இந்தக் கேள்வி வீட்டு வாசலில் வந்து நின்றது. அவருடைய மகன் மணிலாலுக்குப் பத்து வயதில், பம்பாயில், கடுமையான டைபாய்டும் நிமோனியாவும் வந்தன. முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொன்னார் பார்சி மருத்துவர். காந்தி மறுத்தார். மகனிடமும் கேட்டார், அவனும் வேண்டாமென்றான். இடுப்புக் குளியலும் ஈரத்துணிச் சுற்றுமாக வைத்தியம் நடந்தது. பையன் பிழைத்தான். பிற்பாடு சுயசரிதையில் இதை எழுதும்போது காந்தி தன்னை மெச்சிக்கொள்ளவில்லை. தன் கொள்கையைப் பிள்ளைமேல் சுமத்தப் பெற்றவனுக்கு என்ன உரிமை என்று அன்று தன்னையே கேட்டுக்கொண்டதை மறைக்காமல் சொல்கிறார். பையன் பிழைத்தது எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் ஒத்துக்கொள்கிறார்.

தன் மகன் விஷயத்தில், அவன் பக்கத்திலேயே இரவெல்லாம் விழித்திருந்து, அவனிடம் கேட்டுவிட்டு எடுத்த முடிவுக்கே காந்திக்கு அத்தனை கலக்கம் இருந்தது. பெயர் தெரியாத லட்சக்கணக்கான பிள்ளைகள் சார்பில், அவர்களைக் கேட்காமல், தன் விரதத்தைக் கொண்டு ஒருவர் முடிவெடுக்கும்போது அந்தக் கலக்கம் எங்கே போயிற்று?

இந்த இடத்தில் திருக்குறளைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. புலால் மறுத்தல், கொல்லாமை என்று இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் எழுதியிருக்கிறாரே என்பார்கள். எழுதியிருக்கிறார், அழுத்தமாகவே. ஆனால் பரிமேலழகர் உரை பின்பற்றும் பகுப்பில் அந்த இரண்டும் துறவறவியலில் வருகின்றன. மக்கட்பேறும் விருந்தோம்பலும் ஈகையும் இல்லறவியலில் இருக்கின்றன. இதை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. வாய்மையும் கள்ளாமையும்கூடத் துறவறவியலில்தான் இருக்கின்றன, அவை துறவிக்கு மட்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அந்த வரிசையில் ஒரு விவேகம் இருக்கிறது. ஒருவர் தன்னைத் தானே ஒறுத்துக்கொள்ளும் பாதை ஒன்று. அடுத்தவரின் பசியைத் தீர்க்கும் கடமை இன்னொன்று. இரண்டும் உயர்ந்தவை. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சுருக்க யாருக்கும் அனுமதி இல்லை. துறவி பட்டினி கிடப்பது தவம். அவர் சொல்லி ஒரு குழந்தை பட்டினி கிடந்தால் அதை எந்த நூலும் தவம் என்று சொல்லவில்லை.

மடங்களின் சொந்த மரபுக்குள்ளேயே இதைவிட வலுவான பதில் இருக்கிறது. லிங்காயத மரபின் மூலவரான பசவண்ணர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கல்யாண நகரம் இன்று பசவகல்யாண் என்ற பெயரில் பீதர் மாவட்டத்தில் இருக்கிறது. முட்டை முதலில் போன ஏழு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. பிஜ்ஜள மன்னரின் கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட அவர் கூட்டிய சரணர் (சிவனடியார்) சபையில் செருப்புத் தைப்பவரும் படகோட்டியும் துணி வெளுப்பவரும் சரிசமமாக உட்கார்ந்தார்கள். அங்கே வலியுறுத்தப்பட்டவை இரண்டு: உழைத்துச் சம்பாதிக்கும் காயகம், சம்பாதித்ததைச் சமூகத்தின் முன் வைக்கும் தாசோகம். தாசோகம் தானம் அல்ல. தானத்தில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. தாசோகத்தில் கொடுப்பவர் தன்னை அடியாராக எண்ணிக்கொண்டு கொடுக்கிறார். கொடுத்ததன்மேல் அவருக்குச் சொந்தம் இல்லை. சித்தகங்கா மடத்தின் புகழுக்கு வேர் இந்தக் கருத்துதான். அடியார் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர், விருந்தாளியின் இலையில் எது இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது தாசோகத்தோடு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றும் உண்டு. அந்த முட்டை எந்த மடத்தின் கொடையும் அல்ல.

2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம், கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க ராஜஸ்தானில் மக்கள் பசியில் இருந்ததைச் சுட்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவு, அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்றது: குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள். 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்ட உரிமையாக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிச் சாப்பாடு யாருடைய கருணையும் இல்லை. வரி கட்டும் கூலித் தொழிலாளியின் காசும் அதில் இருக்கிறது. சோப்பு வாங்கும்போது அவரும் வரி கட்டுகிறார்.

அதே வழக்கில் 2004-இல் வந்த இன்னோர் உத்தரவு, சமையல் வேலைக்குத் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. முட்டை விவகாரத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று தோன்றலாம். கங்காவதி மாணவி பேசிய அதே 2021 டிசம்பரில், உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தின் சூக்கிடாங் பள்ளியில், தலித் பெண் சமைத்த சாப்பாட்டை மற்ற சாதிப் பிள்ளைகள் சாப்பிட மறுத்ததால் அந்தப் பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெரும் கண்டனத்துக்குப் பிறகே திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார். தூய்மை என்ற எண்ணம் ஒருவரின் சொந்த ஒழுக்கமாக இருக்கும்வரை அதில் அழகு உண்டு. பொதுப் பந்தியில் அது சட்டமாக உட்காரும்போது முதலில் முட்டையை விலக்குகிறது. பிறகு அதே எண்ணம் சமைத்த கையையும் விலக்கக் கேட்கிறது.

பந்தியில் பிரிவினை வரும் என்ற கவலைக்குப் பதில் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1982 ஜூலை முதல் தேதி திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பமானது. 1998-இல் வாரம் ஒன்று, 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010 ஜூலையிலிருந்து பள்ளி நடக்கும் ஐந்து நாளும். இடையில் ஆட்சிகள் மாறின, முட்டை நிற்கவில்லை. எந்தச் சத்துணவு மையத்துக்கு வேண்டுமானாலும் காலையில் போய்ப் பார்க்கலாம். அமைப்பாளர் அட்டைகளிலிருந்து முட்டையை எண்ணி எடுத்துக் கொடுப்பார். கீறல் விழுந்ததைச் சமையலர் தனியே ஒதுக்குவார். தண்ணீரில் போட்டதும் மிதப்பதைக் கழித்துவிடுவார். அவித்து, ஆறவைத்து, உதவியாளர் ஓடு உரிப்பார். 2013-க்குப் பிறகு வெறும் அவித்த முட்டையோடு நிற்காமல் மிளகு, தக்காளி, வெங்காயம் சேர்த்த மசாலாவும் வந்தது. முட்டை வேண்டாத பிள்ளை வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு அதே வரிசையில் உட்காரும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடக்கிறது. பக்கத்துப் பிள்ளை தின்பது தன் வீட்டில் இல்லாத ஒன்று என்று தெரிந்தும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, எந்த நீதிபோதனை வகுப்பும் தராத பாடம்.

பருப்பு போதாதா என்ற வாதம்தான் பாக்கி. வீட்டில் பாலும் நெய்யும் பருப்பும் பயறும் தாராளமாகப் புழங்கினால் முட்டை இல்லாமலே நன்றாக வளரலாம். தலைமுறை தலைமுறையாக அப்படி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அரசுப் பள்ளியின் பெரிய அண்டாவில் பருப்பு எவ்வளவு விழுகிறது என்பதைக் கலக்கிப் பார்த்தால்தான் தெரியும். பாலில் தண்ணீர் கலக்கலாம், சாம்பாரை நீட்டலாம். முட்டையை நீட்ட முடியாது. சுமார் ஆறு கிராம் புரதமும், வைட்டமின் ஏ-யும், பருப்பிலோ காய்கறியிலோ இல்லாத பி12-உம் ஓட்டுக்குள் முத்திரை வைத்தாற்போல வந்து சேர்கின்றன. பிள்ளையின் கையில் முட்டை இருக்கிறதா இல்லையா என்று எழுதப் படிக்கத் தெரியாத தாயும் எண்ணிப் பார்த்துவிடலாம். ஏழைப் பெற்றோர் கையில் இருக்கும் மிகச் சில தணிக்கை முறைகளில் இதுவும் ஒன்று.

இத்தனைக்கும் பிறகு, கர்நாடகத்தில் முட்டை நிலைத்தது வாதங்களால் மட்டும் அல்ல. உணவு உரிமைக்காகச் சேர்ந்த குழுக்கள், தலித் அமைப்புகள், மாணவர் சங்கங்கள், மருத்துவர் சில்வியா கற்பகம் போன்ற பொதுச் சுகாதார வல்லுநர்கள் ஆய்வு எண்களை வைத்துக்கொண்டு விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். யாதகிரியில் முட்டை சாப்பிட்ட பிள்ளைகளையும், முட்டை தொடங்காத கதக் மாவட்டத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது. யாதகிரிப் பிள்ளைகளின் எடை கூடுதலாக ஏறியிருந்தது. 2022-இல், புதிய கல்விக் கொள்கைக்காக அரசே அமைத்த ஒரு குழு, முட்டையும் இறைச்சியும் பிள்ளைகளுக்கு வாழ்க்கைமுறை நோய்களைக் கொண்டுவரும் என்று அறிக்கை கொடுத்ததும் நடந்தது. வல்லுநர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். கடைசியில் அந்த ஆண்டே முட்டை மாநிலம் முழுமைக்கும் போனது. எதிர்ப்புக்குப் பணியாமல் அதை விரிவாக்கியது பாரதிய ஜனதா அரசு என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் காங்கிரஸ் அரசு ஒன்பது, பத்தாம் வகுப்புகளையும் சேர்த்து வாரம் இரண்டு முட்டை ஆக்கியது.

மத்தியப் பிரதேசத்தில் நடந்தது வேறு. 2015-இல் பழங்குடிப் பகுதி அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் யோசனை வந்தபோது, தான் இருக்கும்வரை நடக்காது என்று முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் நிறுத்திவிட்டார். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு ஏழு பேரும் ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேலும் எப்போதாவதாவது மீனோ இறைச்சியோ சாப்பிடுகிறவர்கள் என்று குடும்பநல ஆய்வு சொல்கிறது. சாப்பிடாத சிறுபான்மையின் ஒழுக்கம் மதிக்கப்பட வேண்டும். ஏழைப் பெரும்பான்மையின் பிள்ளைகள் அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதும் உண்மை. 2025 ஜூலையில் மண்டியா மாவட்டத்து ஆலகெரே கிராமத்தில், வீரபத்திரர் கோயிலுக்கு அருகிலுள்ள பள்ளியில் முட்டை அவிப்பதை ஒப்பாத பெற்றோர் பலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். இவர்கள் மடாதிபதிகள் அல்ல, விவசாயிகள். ஊர்க் கோயிலின் புனிதம் அவர்களுக்கு உயிரான விஷயம். அங்கே அதிகாரி போட்ட உத்தரவு மட்டும் வேலை செய்யாது. முட்டை கேட்கும் வீட்டுக்காரர்களும் வேண்டாம் என்கிற வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அடுப்பை எங்கே வைப்பது, எப்படிக் கொடுப்பது என்று பேசித்தான் வழி காண வேண்டும். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று அந்தப் பேச்சு முடியக் கூடாது.

2024-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர முன்வந்ததால், கர்நாடகப் பள்ளிகளில் முட்டை வாரத்தில் ஆறு நாளும் கிடைக்கிறது. பெரிய உதவி; குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உரிமையாகப் போராடிப் பெற்றது இரண்டு நாள்தான்; மீதி நாலு நாள் கொடையின் பக்கம் நிற்கிறது. பள்ளி முட்டைக்கான நிதி எவ்வளவு எளிதில் நின்றுபோகும் என்பதை மகாராஷ்டிரம் காட்டிவிட்டது: 2023 இறுதியில் பள்ளிகளில் வாரம் ஒரு முட்டை என்று அறிவித்த அரசு, 2025 ஜனவரியில் அதற்கான நிதியை நிறுத்தி, வேண்டுமானால் பள்ளிகள் பொதுமக்களிடம் திரட்டிக்கொள்ளலாம் என்றது. கர்நாடகத்தில் அறக்கட்டளையின் மூன்று ஆண்டு முடிவதற்குள் அந்த நாலு நாள் முட்டைக்கும் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வர வேண்டும். முட்டையை எங்கிருந்து வாங்குவது என்று ஒப்பந்தம் எழுதும்போது, கூண்டில்லாத பண்ணைகளுக்குப் படிப்படியாக இடம் கொடுக்கும் விதியையும் அதிலேயே சேர்க்கலாம். லட்சக்கணக்கில் முட்டை வாங்கும் அரசு கேட்டால் பண்ணைக்காரர் மறுக்கமாட்டார். கொல்லாமையை நெஞ்சில் வைத்திருக்கும் மடங்கள் அரசிடம் கொண்டுபோக வேண்டிய கோரிக்கை அது.